மாமியார் வீட்டு வறட்டு இலை

எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவனுக்குப் பசி ஒரு பிரச்சினையே இல்லை. அதில் பாதியை டாக்டரே வெட்டி எடுத்துவிடுகிறார். பிரச்சினை எல்லாம் தண்ணீர்தான். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு முடித்து அரை மணி நேரத்துக்கும் கூடாது என்று டயட்டீஷியன் கொடுத்த தாளில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைத் திருநெல்வேலிச் சீமையில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளக்கிச் சொல்லிப் பாருங்கள், தெரியும். "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் செம்பில் தண்ணீர் வந்துவிடுகிற ஊர் இது. வரப்புத் தகராறுக்கு வந்தவனுக்கும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் தகராறு. இங்கே மருமகன் இலையில் உட்கார்ந்துகொண்டு "எனக்குத் தண்ணி வேண்டாம்" என்று சொன்னால், சம்பந்தத்தை முறிக்கத்தான் வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை நீளவாக்கில் ஒரு குழாய் மாதிரி ஆக்கிவிடுவார்கள். அதில் பிடிப்பது 100, 150 மில்லி, அதாவது ஒரு காபி டம்ளர். பசியைக் கிளப்பிவிடும் கிரெலின் என்கிற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டிப்போட்ட அந்தப் பகுதியில்தான், அதனால் பழைய பசியும் இல்லை. சரி, இந்த ஒரு டம்ளருக்குள் சாப்பாடும் தண்ணீரும் சேர்ந்து போனால் என்ன ஆகும்? ஒன்று, இடமில்லாமல் மேலே வரும். இல்லையென்றால், தண்ணீர் சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எதையாவது தின்னத் தோன்றும், இவ்வளவு செலவு செய்து அறுத்துக்கொண்டதற்கே அர்த்தமில்லாமல் போகும். ஆகவே சாப்பாடு தனி, தண்ணீர் தனி. அதற்காகத் தண்ணீரே வேண்டாமென்று இல்லை, நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும், அதையும் ஒவ்வொரு மடக்காக நாள் முழுக்கக் குடிக்க வேண்டும், நடுவில் 60 கிராம் புரதமும் சேர வேண்டும் என்று, ஒரு நாளில் பாதி கடிகாரம் பார்ப்பதிலேயே போய்விடுகிறது.

பொங்கலுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே என் மனைவி போனில் தெளிவாகத்தான் சொன்னாள். "எம்மா, அவங்களுக்குச் சாப்பிடுத நேரத்துல தண்ணி ஆகாது, டாக்டர் சொல்லிருக்காவ." அத்தை எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. டாக்டர் ஒரு மாத்திரை சொன்னால் இவர் ரெண்டு பத்தியம் சேர்ப்பார். தண்ணீர் ஆகாது என்றால் ஈரப்பதமுள்ள எதுவுமே ஆகாது என்று முடிவு செய்துவிட்டார்.

மத்தியானம் இலை போட்டார்கள். எல்லாருக்கும் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல். என் இலை மட்டும் தனி. நோயாளிக்கென்று ஊற்றிய இட்லி ரெண்டு, பக்கத்தில் எள் போட்டு இடித்த மிளகாய்ப்பொடி. எண்ணெய் குழைக்கவில்லை, ஏனென்றால் எண்ணெயும் ஈரம்தானே. அப்புறம் அரிசிமாப் புட்டு, சுண்டல், பொரிகடலை, கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஒரு அடுக்கு, ஓரத்தில் மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த பனங்கிழங்கு. மழை பார்க்காத ஏதோ ஒரு கரிசல் காட்டையே மடித்து என் முன்னால் வைத்த மாதிரி இருந்தது. இலையில் வழக்கமாகத் தெளிக்கிற தண்ணீரைக்கூடத் தெளிக்கவில்லை, துணியால் துடைத்துப் போட்டிருக்கிறார்.

"அத்தை, சொதி கொஞ்சம் ஊத்தலாம்" என்றேன்.

"அது தண்ணில்லா மருமவனே."

"தேங்காய்ப்பால்தான அத்தை."

"பால் தண்ணி இல்லாம பின்ன கல்லா?"

குழம்பில் நனைத்துச் சாப்பிடலாம், சொல்லப்போனால் நனைத்துத்தான் சாப்பிட வேண்டும், தம்ளரைத் தூக்கிக் குடிப்பதுதான் கூடாது என்று நான் விளக்க ஆரம்பித்ததும் மாமா நுழைந்தார். அவர் எதிர்க்கட்சி. தண்ணீர் ஆகாது என்கிற பேச்சையே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "டாக்டர் மெட்ராஸ் தண்ணியச் சொல்லிருப்பாரு மாப்ளே. இது பொதிகை மலைலேருந்து வார ஆத்துத் தண்ணி. இது மருந்துல்லா!" என்று செம்பை என் கைப்பக்கமாக நகர்த்தினார். அத்தை அதைத் திரும்ப நகர்த்தினார். சின்ன மாமியார் மோர் தண்ணீரில் சேராது என்றார், மச்சினன் பதநீர் சேராது என்றான், தை மாசம் பதநீருக்கு எங்கே போவான் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. ரசம் எந்தக் கணக்கு என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் கேட்டது. இந்த விவாதத்துக்கு நடுவில் நான் என்னுடைய குட்டி ஸ்பூனை எடுத்தேன். பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற அளவு ஸ்பூன் அது, சின்ன வாயாக எடுக்க வேண்டும் என்பதற்காகக் கூடவே வைத்திருக்கிறேன். பொங்கல் இலையில் ஸ்பூனைப் பார்த்ததும் மொத்த வீடும் ஒரு நிமிஷம் அமைதியானது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் நம்புவதில்லை. இந்த வயிற்றுக்குப் பயப்பட வேண்டியது மொறுமொறுப்பான சாமானுக்கு இல்லை. அப்பளமும் முறுக்கும் வாயிலேயே நொறுங்கி எச்சிலோடு கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும், அதனால்தான் அவற்றை எவ்வளவு தின்கிறோம் என்றே தெரியாது, டயட்டீஷியன் கண்ணில் அவைதான் வில்லன். அல்வாவும் அந்த ஜாதிதான். பிரெட், சப்பாத்தி, உலர்ந்த கோழிக்கறி, கெட்டியான சோறு எல்லாம்தான் உள்ளே போய் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகி வழியை மறித்து உட்காரும். பிரெட்டைக்கூட மொறுமொறுவென்று சுட்டுத் தின்றால் போய்விடும், மெத்தென்று இருந்தால்தான் வம்பு. உலகமே நோயாளிக்கு நல்லது என்று சத்தியம் செய்கிற இட்லியும் பொடியோடு வறட்டுத்தனமாகப் போனால் அதே கதைதான்.

பனங்கிழங்கைத்தான் எல்லாரும் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விதி பிசகாமல் ஒரு துளி இட்லியை இருபத்தைந்து தடவை மென்று விழுங்கினேன். அடுத்த வாயும் அப்படியே. மூன்றாவது வாய் நெஞ்செலும்புக்குப் பின்னால் போய் நின்றது. நகரவில்லை. வலி என்று சொல்ல முடியாது, உள்ளேயிருந்து யாரோ ஒரு விரலால் அழுத்திப் பிடித்த மாதிரி இருக்கும், தாடை ஓரம் கூசும், மூக்கு ஒழுகும், வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறும். விழுங்கவும் முடியாது, பேசவும் முடியாது. எனக்கு இதோடு விக்கலும் வரும். வந்தது.

வீடே எழுந்து நின்றது. சின்ன மாமியார் உச்சந்தலையில் தட்டினார். மச்சினன் முதுகில் தட்டினான், அவன் கபடி ஆடுகிறவன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. யாரோ என்னை நினைக்கிறார்கள் என்று ஒருத்தர் சொல்ல, யார் அது என்கிற மாதிரி என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒருத்தி ஒரு பிடி சீனியை வாயில் போட வந்தாள். மாமாவுக்குத்தான் முகத்தில் வெளிச்சம். "நான் சொன்னம்லா!" என்று செம்போடு பாய்ந்தார். அடைத்து நிற்கும்போது மேலே தண்ணீர் விட்டால் அது கீழே போகாது, வந்த வழியே எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு திரும்பும். இதை வாய் திறக்காமல் எப்படிச் சொல்வது? ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன். "கும்பிடுதாரு, ரொம்ப முடியல போல" என்று அத்தை அழ ஆரம்பித்துவிட்டார்.

ஆச்சிதான் காப்பாற்றினாள். கட்டிலில் படுத்திருந்தவள் தலையைக்கூடத் தூக்காமல், "சும்மா விடுங்கட்டீ. எந்திச்சு நடந்தா எறங்கிரும்" என்றாள். டயட்டீஷியன் தாளிலும் அதைத்தான் எழுதியிருந்தது, தின்பதை நிறுத்து, நிமிர்ந்து நில், மெதுவாக நட.

முற்றத்துக்கு இறங்கினேன். அங்கே பிள்ளைகள் சிறுவீட்டுப் பொங்கலுக்காகக் களிமண்ணில் கட்டிய குட்டி வீடு இருந்தது, சுற்றிலும் கோலம். மிதித்துவிடக் கூடாதே என்று அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன், ஒரு கை நெஞ்சில், ஒரு கையில் எச்சில் துப்ப ஒரு துண்டு, நடு நடுவே விக்கல். ரெண்டு சுற்று முடிவதற்குள் பின்னால் ஒரு குட்டி வால் சேர்ந்துவிட்டது. மச்சினன் மகள் முதலில் வந்தாள், அப்புறம் அடுத்த வீட்டுப் பிள்ளைகள், எல்லாரும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நான் விக்கும்போதெல்லாம் விக்கிக்கொண்டு. எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு எந்தச் சாமிக்கு நேர்ச்சை?" என்று மாமாவிடம் கேட்டது எனக்கே கேட்டது. மாமா "நெல்லையப்பருக்கு" என்று சொல்லிவிட்டார். இட்லிக்கு என்று சொல்ல அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு கட்டத்தில், எந்தச் சத்தமும் இல்லாமல், அது இறங்கியது. அந்த நிம்மதியைத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

அப்புறம்தான் வேடிக்கை. இனிமேல் அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் என்று சொன்னதும் யாரும் கை கழுவக்கூடப் போகாமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மாமா சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு, "இன்னும் இருவது நிமிசம்," "இன்னும் பத்து" என்று அறிவித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் செம்பு தயார். என் மனைவி அம்மாவிடம் குழம்பு வேறு, தண்ணீர் வேறு என்று மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள், அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே மடியில் எதையோ வைத்து உரித்துக்கொண்டிருந்தார். நேரம் வந்தது. மாமா தன் கையாலேயே செம்பை நீட்டினார். ஒரு மடக்கு குடித்தேன். எல்லார் கண்ணும் என் தொண்டையில்.

"எறங்கிட்டா மருமவனே?" என்றார் அத்தை.

"எறங்கிட்டு அத்தை."

"அப்போ உள்ள நல்லா நனைஞ்சிருக்கும்லா" என்று சொல்லி, நாரெல்லாம் எடுத்து ரெண்டாகப் பிளந்து வைத்திருந்த பனங்கிழங்கை என் கையில் கொடுத்தார்.