எல் ரீனோ வீடியோக்கள்

பழைய ஹார்டு டிஸ்க்கைத் துருவியதில், 2013 மே 31 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் எல் ரீனோ அருகே எடுத்த டொர்னாடோ (தரையைத் தொடும் சுழல்காற்று) வீடியோக்கள் அகப்பட்டன. புயல் துரத்தும் கூட்டாளிகளுக்காக ஏற்றியிருக்கிறேன். கேமரா ஆடுகிறது என்று யாரும் குறை சொல்லக் கூடாது. அன்று கை நடுங்காதவர் நம்மில் யார்?

முதல் வீடியோவில் மழைத்திரைதான் தெரியும். டொர்னாடோவின் புனல் வடிவச் சுழல் எங்கே என்று கேட்காதீர்கள், அந்தத் திரைக்குள்தான் இருந்தது. அகலம் 4.2 கிலோமீட்டர், இதுவரை பதிவானவற்றில் இதுவே பெரியது. வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் கண்ணாடி வெளுத்தே கிடக்கிறது. பின்னிருக்கையில் ஒருவர் "தெற்கே, தெற்கே" என்று கத்துவது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. (அவர் இதைப் படிப்பார். பெயர் சொல்ல மாட்டேன்.)

டொர்னாடோ ஆய்வாளர் டிம் சமாராஸ், அவர் மகன் பால், உடன் சென்ற கார்ல் யங் மூவரும் அன்று மாண்டார்கள். 2003-இல் தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில் டொர்னாடோவின் பாதையிலேயே கருவியை வைத்து, 100 மில்லிபார் காற்றழுத்த வீழ்ச்சியைப் பதிவு செய்தவர் சமாராஸ். சாகசப் பிரியர் அல்லர், அளவெடுக்கப் போனவர். அவரைப் பற்றி "வீரமரணம்" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

உங்களிடம் இருப்பதையும் அனுப்புங்கள். வெட்டாமல், இசை சேர்க்காமல். அன்றைய வீடியோக்களைத் திரட்டிய ஆய்வாளர்கள், ஒரே மின்னல் பல கேமராக்களில் பதிவான நொடியை வைத்தே அவற்றின் நேரத்தைப் பொருத்தினார்கள். ஆகவே மங்கலானதும் வேண்டும். எந்தச் சாலை, எந்தத் திசை என்று குறிப்பிட்டால் போதும்.