ஒரு விண்வெளி ஜெனரலின் பணிப்பட்டியலைக் கட்டுரையாக்கிய அனுபவம்

தமிழ் விக்கிப்பீடியாவில் விண்வெளி பற்றி அவ்வப்போது எழுதுகிறேன். ராக்கெட், செயற்கைக்கோள் என்றால் தகவல் திரட்டுவதில் பெரிய சிக்கல் வருவதில்லை. அமெரிக்க விண்வெளிப் படையின் முதல் தலைவர் ஜெனரல் ஜான் ரேமண்டைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான், ராணுவ அதிகாரி ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது தனி வேலை என்று புரிந்தது. அடுத்து இதில் இறங்குபவர்களுக்கு உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

முதலில் கையில் கிடைப்பது அமெரிக்க விமானப்படை வெளியிட்ட அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பு. படிப்பு, பணியிடங்கள், பதவி உயர்வு பெற்ற நாள், பதக்கங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். அரசு ஊழியர்கள் பணி நிமித்தம் எடுக்கும் படங்களுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை என்பதால் படத்துக்கு அலைய வேண்டாம். (நம் ஊர் ஆளுமைகளைப் பற்றி எழுதுபவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.) ஆனால் அந்தக் குறிப்பைத் தயாரிப்பது அவர்களுடைய மக்கள் தொடர்புப் பிரிவு. ஊருக்கும் தேதிக்கும் அதை நம்பலாம். மனிதர் என்ன செய்தார் என்று சொல்ல வெளியிலிருந்து சான்று தேடியாக வேண்டும்.

பட்டியலை மேலிருந்து கீழே படித்தால் தலை சுற்றும். இரண்டு வருடத்துக்கு ஒரு ஊர், ஒரு எண், ஒரு நீளமான பதவிப் பெயர். எனக்கு வழி காட்டியது ஒரு சின்ன உத்தி: அவர் தலைமை தாங்கிய இடங்களை மட்டும் தனியே எடுத்து எழுதினேன். விமானப்படையில் ஸ்குவாட்ரன், அதற்கு மேல் குரூப், அதற்கு மேல் விங், அப்புறம் எண்ணிட்ட விமானப்படை என்று படிகள் உண்டு. ரேமண்ட் 2000-இல் இங்கிலாந்தின் ஃபெல்ட்வெல் தளத்தில் 5-ஆவது விண்வெளிக் கண்காணிப்பு ஸ்குவாட்ரன், 2005-இல் கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க்கில் 30-ஆவது குரூப், 2007-இல் கொலராடோவின் பீட்டர்சனில் 21-ஆவது விங், 2014-இல் 14-ஆவது விமானப்படை என்று ஏறியிருக்கிறார். இடையில் உள்ளவை பெரும்பாலும் தலைமையக மேசை வேலை, இல்லையென்றால் படிப்பு. இப்படிப் பிரித்ததும் கட்டுரைக்கு எலும்புக்கூடு கிடைத்துவிட்டது.

படிப்பு என்றதும் இயற்பியலோ பொறியியலோ இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் 1984-இல் அவர் பெற்றது நிர்வாக மேலாண்மைப் பட்டம். முதல் பணியிடமும் வானத்தைப் பார்க்கும் இடமல்ல. 1985 முதல் 1989 வரை வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில், மினிட்மேன் அணு ஏவுகணைகளின் ஏவு கட்டுப்பாட்டு அறையில் வேலை. பல அடி ஆழத்தில், பூமிக்கு அடியில், இரண்டு அதிகாரிகள் 24 மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு அறையின் பொறுப்பிலும் பத்து ஏவுகணைகள். உத்தரவு வராமலே பணிக்காலம் முடிந்தால் அதுதான் நல்ல பணிக்காலம்.

நிலத்தடி ஏவுகணைக்காரர் எப்படி விண்வெளி அதிகாரி ஆனார்? கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒரு பயனர் இதைத்தான் கேட்டார், நியாயமான கேள்வி. இதற்கான விடை அமைப்பின் வரலாற்றில் இருக்கிறது. 1993-இல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளை விமானப்படையின் விண்வெளிக் கட்டளையகத்தோடு சேர்த்தார்கள். 2009-இல்தான் மறுபடி பிரித்தார்கள். அந்தப் பதினாறு ஆண்டுகளில் ஏவுகணைக் குழுவிலிருந்து செயற்கைக்கோள் கட்டுப்பாட்டுக்குப் போவது சாதாரண மாறுதல். ரேமண்ட் தலைமுறையின் விண்வெளித் தளபதிகள் பலர் இந்தக் கதவு வழியாக வந்தவர்கள்தான்.

அடுத்த கட்டம்தான் எனக்குப் பிடித்தது. பணியிடப் பட்டியலை ஒரு பக்கம் வைத்து, உலக நிகழ்ச்சிகளின் நாட்காட்டியை இன்னொரு பக்கம் வைத்துப் பொருத்திப் பார்த்தேன். '2007 ஜூன் முதல் 2009 ஆகஸ்ட் வரை, தளபதி, 21-ஆவது விண்வெளி விங்' என்ற வரி தானாக எதையும் சொல்லாது. அந்த விங்கின் அப்போதைய வேலை என்னவென்றால், கிரீன்லாந்தின் தூல் ரேடார் போன்ற எச்சரிக்கை நிலையங்களையும், நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தியேகோ கார்சியாத் தொலைநோக்கிகளையும் வைத்து ஏவுகணைகளையும் விண்வெளிப் பொருள்களையும் கவனிப்பது. 2009 பிப்ரவரி 10 அன்று அமெரிக்காவின் இரிடியம் 33-உம், செயலிழந்து கிடந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251-உம் சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கி.மீ. உயரத்தில் மோதிச் சிதறின. இரண்டு முழுச் செயற்கைக்கோள்கள் மோதிக்கொண்டது அதுவே முதல் முறை. அதற்கு முன்பு, எது எதோடு மோதக்கூடும் என்ற கணக்கை எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் தினமும் போட்டுக்கொண்டிருக்கவில்லை. அதன் பிறகுதான் இயங்கும் செயற்கைக்கோள்கள் அனைத்துக்கும் விரித்தார்கள். கணக்குப் போட்டது வாண்டன்பர்க் தளத்தில் இருந்த விண்வெளிச் செயல்பாட்டு மையம். அந்த மையம் எதன் கீழ் செயல்பட்டதோ அந்த 14-ஆவது விமானப்படைக்கே ஐந்து வருடம் கழித்து ரேமண்ட் தளபதியாகப் போகிறார். இப்போது பட்டியலில் இருக்கும் அந்த இரண்டு வரிகளுக்கும் உயிர் வந்துவிட்டதல்லவா?

இதில் கவனம் தேவை. அவர் பதவியில் இருந்தபோது நடந்தது என்பது வேறு, அவர் செய்தது என்பது வேறு. 2020 ஜனவரி 8 அன்று அமெரிக்கப் படையினர் இருந்த ஈராக்கின் அல் அசாத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியபோது, கொலராடோவின் பக்லி தளத்திலிருந்த குழு செயற்கைக்கோள் வழியாகக் கண்டு எச்சரித்தது. யாரும் உயிரிழக்கவில்லை, நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மூளை அதிர்ச்சிக் காயம். அந்தச் சமயத்தில் விண்வெளிப் படையின் தலைவர் ரேமண்ட். நான் அந்த அளவோடு நிறுத்திக்கொண்டேன். 'காப்பாற்றினார்' என்று ஒருவர் திருத்த, நான் எடுத்துவிட்டேன். மறுபுறம், ரஷ்யாவின் இரண்டு செயற்கைக்கோள்கள் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் ஒன்றைப் பின்தொடர்கின்றன என்று 2020 பிப்ரவரியில் பத்திரிகைக்கு வெளிப்படையாகச் சொன்னது அவரேதான். அது அவர் பெயரில் தாராளமாகப் போகலாம்.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் தின்றது 2019. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் மூன்று அமைப்புகள். ஒன்று, 2016 அக்டோபரிலிருந்து ரேமண்ட் தலைமை வகித்த விமானப்படை விண்வெளிக் கட்டளையகம். ஆட்களைத் தயார்செய்வது அதன் வேலை. இரண்டாவது, 2019 ஆகஸ்ட் 29 அன்று தொடங்கிய அமெரிக்க விண்வெளிக் கட்டளையகம்; எல்லாப் படைகளின் ஆட்களையும் கொண்டு செயல்பாடுகளை நடத்துவது. இதே பெயரில் 1985 முதல் 2002 வரை ஒன்று இருந்து மூடப்பட்டதால் குழப்பம் இரட்டிப்பு. மூன்றாவது விண்வெளிப் படை. 2019 டிசம்பர் 20 அன்று சட்டம் கையெழுத்தானதும் முதல் கட்டளையகமே இந்தப் பெயருக்கு மாறியது. 2020 ஆகஸ்டில் ஜெனரல் டிக்கின்சன் இரண்டாவதன் பொறுப்பை ஏற்கும்வரை அதற்கும் மூன்றாவதற்கும் ரேமண்டே தலைவர். செய்திகளில் இந்த மூன்றும் தாறுமாறாகக் கலந்து வரும். ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுத் தேதிகளை எழுதிக்கொண்டால் தப்பிக்கலாம்.

தேதிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. அவர் தலைவரானது 2019 டிசம்பர் 20. துணை அதிபர் பென்ஸ் முன்னிலையில் பதவிப் பிரமாணம் நடந்தது 2020 ஜனவரி 14. முப்படைத் தளபதிகள் குழுவில் முறைப்படி உறுப்பினரானதோ 2020 டிசம்பரில். சட்டத்திலேயே ஒரு வருட இடைவெளி வைத்திருந்தார்கள். மூன்றுக்கும் சான்று உண்டு, மூன்றும் சரி. தகவல் பெட்டியில் முதல் தேதியைப் போட்டு மற்றதைக் கட்டுரைக்குள் விளக்கினேன். ஜெனரல் பதவி உயர்வுகளுக்கு செனட் ஒப்புதல் வேண்டும் என்பதால், நியமனப் பரிந்துரை முதல் ஒப்புதல் வரை அமெரிக்க காங்கிரஸ் தளத்தில் தேடிப் பார்க்கலாம். நாளிதழ்களை விட அதுதான் உறுதி.

பதக்கப் பட்டியலை விட்டுவிட்டேன். வண்ண ரிப்பன் அட்டவணை இல்லாமல் ராணுவக் கட்டுரையா என்று சிலர் வருத்தப்படுவார்கள். வாசிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பது என் கருத்து. இந்தியத் தொடர்பு ஏதாவது சேர்க்கச் சொன்னவருக்காகத் தேடியதில் ஒன்றுதான் பொருத்தமாக இருந்தது: 2019 மார்ச் 27 அன்று இந்தியா 'மிஷன் சக்தி' சோதனையில் தன் செயற்கைக்கோளைச் சுட்டு வீழ்த்தியபோது சிதறிய துண்டுகளை அமெரிக்கத் தரப்பில் கண்காணித்தது ரேமண்டின் கட்டளையகம்.

2022 நவம்பர் 2 அன்று அவர் ஜெனரல் சால்ட்ஸ்மனிடம் பொறுப்பை ஒப்படைத்ததோடு கட்டுரை முடிகிறது. அடுத்ததாக சால்ட்ஸ்மன் கட்டுரையைத் தொடங்கியிருக்கிறேன். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர், அவரும் மினிட்மேன் ஏவுகணைக் குழுவில் தொடங்கியவர். அமைப்புகளைப் பிரித்து எழுதிய அந்தத் தாள் இதற்கும் அப்படியே பயன்படுகிறது. யாருக்காவது வேண்டுமென்றால் என் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள், தருகிறேன்.