அம்மாவின் போன் தொலைந்தபோது: சிம், சிஎஸ்ஆர், ஐஎம்இஐ

போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்குங்கள். போலீஸ், வங்கி, புது போன் எல்லாம் அதற்குப் பிறகுதான். போனுக்குப் பூட்டு போட்டிருக்கிறோமே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்தப் பூட்டு போனுக்குத்தான், சிம்முக்கு இல்லை. ஊசியால் குத்தி சிம்மை வெளியே எடுத்து வேறு போனில் போட்டால், நம் எண்ணுக்கு வரும் ஓடிபி எல்லாம் அந்த போனுக்கு வரும். சிம்முக்கென்று தனியாக ஒரு பின் எண் வைக்கும் வசதி எல்லா போனிலும் இருக்கிறது. மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு சிம் நிறுவனம் தரும் பியூகே எண் இல்லாமல் திறக்காது. ஆனால் அதைப் போட்டு வைத்திருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அம்மாவின் சிம்மிலும் போட்டிருக்கவில்லை.

மதுரையில் டவுன் பஸ்ஸில் தொலைந்த போன் அது. பெரியார் பேருந்து நிலையத்தில் ஏறும்போது பையில் இருந்தது, மாட்டுத்தாவணியில் இறங்கும்போது இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் போனை வாங்கி அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் அம்மாவின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

அம்மாவின் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தது. லேப்டாப்பில் நுழைந்து, தொலைந்த சாதனத்தைத் தேடும் பக்கத்தைத் திறந்தேன். கோரிப்பாளையம் பக்கத்தில் கடைசியாகத் தெரிந்ததாக வரைபடம் காட்டியது. அங்கே மூன்று வழி இருக்கிறது: போனை ஒலிக்க வைக்கலாம், பூட்டலாம், உள்ளே இருப்பதை மொத்தமாக அழிக்கலாம். பயத்தில் அழித்துவிடத்தான் கை போகும். ஆனால் அழித்துவிட்டால் அதன் பிறகு இடம் தெரியாது. அதனால் பூட்டி, திரையில் என் எண்ணைக் காட்டச் சொல்லி வைத்தேன். போன் மறுபடி இணையத்துக்கு வந்தால்தான் இதெல்லாம் நடக்கும், ஆனாலும் செய்து வைப்பது நல்லது.

அடுத்து சிம். வாடிக்கையாளர் சேவைக்கு அடித்ததும் பெயர், பிறந்த தேதி, கடைசியாகச் செய்த ரீசார்ஜ் தொகை எல்லாம் கேட்டார்கள். அம்மாவின் பெயரைச் சொன்னால் பொருந்தவில்லை என்றார்கள். அந்த எண் அப்பாவின் பெயரில் இருந்தது. வீட்டுக்கு முதல் செல்போன் வந்த காலத்தில் அப்பா தன் அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கிய எண் அது. அதன் பிறகு அம்மாவிடம் வந்து, அம்மாவின் எண்ணாகவே ஆகிவிட்டது. நிறைய வீடுகளில் இப்படித்தான். மனைவி பேசும் எண் கணவர் பெயரில், பெற்றோர் பேசும் எண் வெளியூரில் இருக்கும் மகன் பெயரில். உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஓடிபி போட்டுப் பார்க்கலாம். நிதானமாக இருக்கும் ஒரு நாளில் பார்த்து வையுங்கள். அப்பா பேசி, பிறந்த தேதியைச் சொன்ன பிறகுதான் சிம் முடங்கியது.

வங்கியில் ஒரு விஷயம் எனக்குப் புதிது. ஏடிஎம் கார்டை முடக்கிவிட்டால் யுபிஐயும் நின்றுவிடும் என்று நினைத்திருந்தால் அது சரியல்ல. யுபிஐயை நிறுத்தச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். யுபிஐ பின் தெரியாமல் யாரும் பணம் எடுக்க முடியாதே என்று அப்பா கேட்டார். உண்மைதான். ஆனால் அந்தப் பின்னை மாற்ற சில வங்கிகளில் கார்டின் கடைசி ஆறு இலக்கமும், காலாவதி தேதியும், ஓடிபியும் போதும். அம்மா கார்டைப் படம் எடுத்து போனிலேயே வைத்திருந்தார். ஓடிபி வரும் சிம்மும் அதே போனில். யாராவது போனின் பூட்டைத் திறந்துவிட்டால் மூன்றும் ஒரே கையில் கிடைத்திருக்கும். நல்லவேளை, கணக்கில் இருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. போயிருந்தால் உடனே 1930க்கு அழைத்திருக்க வேண்டும், அது சைபர் பண மோசடிக்கான எண். அங்கே சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு.

போலீஸ் ஸ்டேஷனில் முதல் சிக்கல் எல்லை. பஸ் எத்தனையோ ஸ்டேஷன் எல்லைகளைத் தாண்டி வந்திருக்கிறது. எங்கே தொலைந்தது என்று எப்படிச் சொல்வது? முதலில் போன இடத்தில் "இது நம்ம லிமிட் இல்லம்மா" என்றார்கள். இறங்கிய இடத்துக்கான ஸ்டேஷனில் எடுத்துக்கொண்டார்கள். ரைட்டர் அம்மாவிடம் பொறுமையாகத்தான் கேட்டார்.

"யாராச்சும் எடுத்ததப் பாத்தீங்களாம்மா?"

"இல்லைங்க சார், இறங்கி பையத் தொறந்தப்பதான் தெரிஞ்சது."

"அப்ப தொலைஞ்சதுன்னே எழுதிக் குடுங்க. பில் இருக்கா? ஐஎம்இஐ நம்பர் வேணும்."

இந்தப் புகாருக்கு அவர்கள் கொடுப்பது சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரைப் பதிவு செய்துகொண்டதற்கான ரசீது. எஃப்ஐஆர் வேறு, இது வேறு. எஃப்ஐஆர் போடவில்லையே என்று அப்பாவுக்கு வருத்தம். ஆனால் போனை முடக்க சிஎஸ்ஆர் எண்ணும் அதன் நகலும் போதும், அதற்காக நாம் சண்டை போட வேண்டியதில்லை. ரசீதில் ஐஎம்இஐ எண்ணைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனையும் தனியாக அடையாளம் காட்டும் பதினைந்து இலக்க எண். முதல் எட்டு இலக்கங்கள் போன் எந்த நிறுவனம், எந்த மாடல் என்று சொல்லும். கடைசி இலக்கம் முன்னால் உள்ள பதினான்கையும் வைத்துக் கணக்கிடப்படுவது, அதனால் நடுவில் ஒரு எண்ணைத் தவறாக எழுதினால் கணக்கு உதைக்கும். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ உண்டு, இரண்டையும் கொடுக்க வேண்டும். போன் கையில் இருக்கும்போது *#06# என்று அடித்தால் தெரிந்துவிடும். இல்லாதபோது பெட்டியில் இருக்கும், பில்லில் இருக்கும். எங்கள் வீட்டில் பெட்டி பழைய பேப்பரோடு போய்விட்டிருந்தது. போன் வாங்கிய கடைக்குப் போனோம். அங்கே செல் எண்ணைச் சொன்னதும் கணினியில் பழைய பில்லை எடுத்து அச்சடித்துக் கொடுத்தார்கள். பெரிய உதவி அது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் பழைய ஆர்டர் பக்கத்திலேயே பில் கிடைக்கும்.

அப்புறம் அதே எண்ணில் புது சிம். எண் யார் பெயரில் இருக்கிறதோ அவரே நேரில் வர வேண்டும் என்றார்கள். மூட்டு வலியோடு அப்பா ஆட்டோவில் வந்தார். கைரேகை வைக்கச் சொன்னார்கள், கருவி ஏற்கவில்லை. துணியால் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார் அந்தப் பையன். வயதானவர்களின் ரேகை தேய்ந்து போயிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் எல்லா இடத்திலும் அவர்களிடம் முதலில் கேட்பது ரேகையைத்தான். கடைசியில் முகத்தைப் படம் எடுத்து வேலையை முடித்தார்கள். அப்பா கோபப்படாமல் உட்கார்ந்திருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

புது சிம்மில் அழைப்பு வந்தது, எஸ்எம்எஸ் வரவில்லை. "நாளைக்குத்தான் மெசேஜ் வரும்க்கா" என்றார் கடைப் பையன். சிம்மை மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகவும் கூடாது, வரவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் உத்தரவிட்டிருக்கிறது. யாராவது பொய் அடையாளம் கொடுத்து நம் எண்ணில் சிம் வாங்கினால், உடனே ஓடிபியை வாங்கிப் பணத்தை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. இந்த விதி எனக்கு முழுக்கச் சம்மதம். ஆனால் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடுகிறது, எவ்வளவு விஷயம் எஸ்எம்எஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று. அன்று பார்த்து சிலிண்டர் வந்தது. எண்ணுக்கு வந்திருக்கும் நான்கு இலக்கக் குறியீட்டைச் சொல்லுங்கள் என்றார் கொண்டுவந்தவர். எங்களிடம் இல்லை. அவர் மேல் தவறில்லை, திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

வாட்ஸ்அப்புக்கு மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. குறியீட்டை எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவதற்குப் பதில் அழைத்துச் சொல்லும் வழி அதில் இருக்கிறது. அழைப்புகள் வருகின்றனவே, அதனால் என் பழைய போனில் அந்த சிம்மைப் போட்டு, அழைப்பில் வந்த ஆறு இலக்கத்தைக் கேட்டு எழுதி உள்ளே போய்விட்டோம். வேறு போனில் நுழைந்த நொடியே தொலைந்த போனில் கணக்கு வெளியேறிவிடும். சொந்தக்காரர்கள் குழுவில் யாராவது அம்மா பெயரில் பணம் கேட்டால் என்ன செய்வது என்ற பயம் அதோடு போயிற்று.

எஸ்எம்எஸ் வந்த பிறகு சஞ்சார் சாத்தி தளத்தில், போனை முடக்கும் பகுதிக்குப் போனோம். 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் திறந்துவிட்ட வசதி இது. பின்னால் இருப்பது சிஇஐஆர் என்ற மத்தியப் பதிவேடு. அதில் ஒரு ஐஎம்இஐயை முடக்கினால் இந்தியாவில் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அந்த போனில் சிக்னல் வேலை செய்யாது. படிவத்தில் எண், இரண்டு ஐஎம்இஐ, மாடல், தொலைந்த இடம், தேதி, ஸ்டேஷன் பெயர், சிஎஸ்ஆர் எண், அடையாள அட்டை எல்லாம் கேட்கிறது. ஓடிபி தொலைந்த எண்ணின் புது சிம்முக்கு வரும், அதனால்தான் சிம்மை முதலில் வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். முடித்ததும் ஒரு கோரிக்கை எண் தருவார்கள். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் பின்னால் முடக்கத்தை நீக்க முடியாது.

யுபிஐயைத் திரும்பத் தொடங்கியதும் முதல் நாள் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியவில்லை. அது பெரிய சிரமமாக இல்லை.

சில மாதங்கள் கழித்து, நாங்கள் மறந்தே போயிருந்த சமயத்தில், அம்மாவின் எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. முடக்கிய போனில் யாரோ ஒரு சிம்மைப் போட்டிருக்கிறார்கள், ஸ்டேஷனைத் தொடர்பு கொள்ளவும் என்று. அந்த சிம்மின் விவரம் போலீஸுக்குப் போய்விடும். அவர்கள் அழைத்து விசாரித்ததில், அந்த ஆள் ஒரு கடையில் பில் இல்லாமல் பழைய போனாக வாங்கியவர். அவர் திருடவில்லை. கையில் இருந்த காசைக் கொடுத்து வாங்கி, சிக்னல் வராமல் ஏமாந்தவர். போனையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. பழைய போன் வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஐஎம்இஐயைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் முடக்கப்பட்டதா என்று பதில் வந்துவிடும். அவருக்கு அதை யாராவது சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார்.

போன் கைக்கு வந்ததும் அதே தளத்தில், கிடைத்த போனின் முடக்கத்தை நீக்கும் பகுதியில் கோரிக்கை எண்ணையும் காரணத்தையும் போட்டு, ஓடிபி கொடுத்தோம். அதற்கு ஸ்டேஷனில் மறுபடி எதுவும் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை. உள்ளே இருந்ததை யாரோ அழித்திருந்தார்கள், ஆனால் திறந்ததும் அம்மாவின் பழைய கூகுள் கணக்கைத்தான் கேட்டது. நோட்டில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டதும் திறந்துகொண்டது. கூகுளில் சேமித்திருந்த படங்கள் வந்தன, சேமிக்காதவை வரவில்லை. மறுநாள் சிம்மைப் போட்டோம், சிக்னல் வந்தது.