தம்பியின் இரும்புப் படையும் என் வாசிப்பும்

ஜூன் 25, 2023, ஞாயிறு

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர்கால விடுமுறை விட்டாகிவிட்டது. மூன்று வாரத்துக்குச் சாப்பாட்டு மேஜை தம்பியுடையது (என் மகனைத்தான் தம்பி என்பேன்). வார்ஹாம்மர் 40,000 படையை அதன்மேல் பரப்பிவிட்டான். கட்டைவிரல் உயரப் பொம்மைகள். ஒட்டி, வண்ணம் தீட்டி, அங்குல நாடா வைத்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. 1987இல் இங்கிலாந்தில் பிறந்தது. பத்தாம் பதிப்பு இந்த மாதம்தான் வந்திருக்கிறது, வீட்டில் அதே பேச்சு.

அவனுடையது நெக்ரான் படை. எலும்புக்கூடு மாதிரி உலோக உருவங்கள். சாயங்காலம் கேட்டான்: “அம்மா, இவங்க ஆறு கோடி வருஷம் தூங்கினாங்க, ஏன் தெரியுமா?” எனக்குத் தெரியவில்லை. அவன் சொல்ல ஆரம்பித்தான், பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவன் பேச்சை விட்டுவிட்டு பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தான். அது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்த விடுமுறைக்குள் கதையைத் தெரிந்துகொண்டே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். விதிப்புத்தகம் எனக்கு ஒத்துவராது, நாவல் என்றால் படிப்பேன். இந்த விளையாட்டுக்கென்றே பிளாக் லைப்ரரி என்று ஒரு பதிப்பகம் நடக்கிறது, நாவல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி.

ஜூன் 29, வியாழன்

முதலிலிருந்து தொடங்குவதுதானே முறை? தம்பியின் நண்பர்களும் அதையே சொன்னார்களாம். ‘ஹோரஸ் ரைசிங்’, டான் ஆப்னெட் எழுதி 2006இல் வந்தது. ஹோரஸ் ஹெரிசி என்ற வரிசையின் முதல் புத்தகம். அந்த வரிசை 54 புத்தகம் ஓடியிருக்கிறது. அது முடிந்ததும் டெர்ரா முற்றுகை என்று இன்னொரு வரிசை.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். மனிதகுலத்தின் பேரரசர், அவருடைய மகன்களில் செல்லப்பிள்ளை ஹோரஸ், அவனையே படைகளுக்கெல்லாம் தலைவனாக்குகிறார், அவனே பிறகு அப்பாவுக்கு எதிராகத் திரும்பப் போகிறான். ஆனால் எனக்கு நெஞ்சில் தைக்கவில்லை. அந்தத் துரோகத்தால் என்ன பாழாய்ப் போனது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த முதல் பக்கங்கள் வலிக்கும். எனக்கு எல்லாரும் வெறும் பெயர்கள்.

அதோடு, இந்தக் கதை நடப்பது விளையாட்டின் காலத்துக்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால். தம்பியின் நெக்ரான்கள் அப்போது நிலத்துக்கடியில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் தெரிந்துகொள்ள நினைத்ததோ அவர்களை.

அரைப் புத்தகத்தில் மூடி வைத்தேன். பிறகு திரும்பி வருவேன்.

ஜூலை 1, சனி

கோவிலில் தமிழ் வகுப்பு எடுக்கும்போது ஒன்று தோன்றியது. மகாபாரதத்தை நம்மில் யார் ஆதிபருவத்திலிருந்து படித்தோம்? மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமத்தில் எனக்கு முதலில் வந்தது அரவான் களப்பலி. விடிய விடிய நடந்த தெருக்கூத்தில், பாட்டி மடியில் பாதித் தூக்கத்தில் பார்த்தது. அப்பனே பிள்ளையைப் பலிகொடுக்கிறான் என்றால் எப்பேர்ப்பட்ட சண்டை அது என்று அந்த ஒரு பிள்ளையை வைத்துத்தான் புரிந்தது. சந்தனு மகாராஜாவெல்லாம் பல வருடம் கழித்து. இங்கே டர்பனிலும் கூத்து உண்டு, ‘சிக்ஸ் ஃபுட்’ என்பார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள் கொண்டுவந்தது. அவர்களும் ஒரு ராத்திரிக்கு ஒரு கதை என்றுதான் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார்கள்.

அப்படியானால் இதற்கும் ஒரு கிளைக்கதை வேண்டும். ஒரே ஒரு ஆள், அவன் கண்ணில் படுகிற அளவு உலகம், அது போதும்.

ஜூலை 5, புதன்

கிடைத்துவிட்டது. ‘சீனோஸ்’, அதே டான் ஆப்னெட், 2001இல் வந்தது. ஐசன்ஹார்ன் என்ற விசாரணை அதிகாரி தன் வாயாலேயே சொல்லும் கதை. மூன்று நாவல்களில் முதலாவது, மூன்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாகவும் போட்டிருக்கிறார்கள்.

ராத்திரி லோட் ஷெட்டிங், அதாவது மின்வெட்டு. சார்ஜ் விளக்கைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படித்தேன். நீண்ட இருட்டுக் காலம் வரும் ஒரு கிரகம். பணக்காரர்கள் அந்த மாதங்களைக் கழிக்க உறைகூடங்களில் படுத்துத் தூங்குகிறார்கள், மற்றவர்கள் விழித்திருந்து காவல் காக்கிறார்கள். அந்த உறைகூடத்தில்தான் முதல் கொலைகள். ஜன்னலுக்கு வெளியே எங்கள் பகுதி சாட்ஸ்வொர்த் முழுக்க இருட்டு, ஒன்றிரண்டு வீட்டில் மட்டும் ஜெனரேட்டர் சத்தம். புத்தகத்துக்குள்ளும் அதே இருட்டு. மின்சாரம் வந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

பேரரசர் பத்தாயிரம் வருடமாக அசையாமல் ஒரு சிம்மாசனத்தில் கிடக்கிறார், அவரைத் தாங்க நாள்தோறும் ஆயிரம் உயிர்கள் போகின்றன என்று தம்பி சொல்லியிருந்தான். கேட்டபோது ஒரு எண்ணாகத்தான் இருந்தது. அந்த ஆட்சியின் கீழ் ஒருவன் எப்படி வேலைக்குப் போகிறான், யாரைச் சந்தேகிக்கிறான், எதைப் பேசாமல் விழுங்குகிறான் என்று படித்த பிறகு அந்த ஆயிரம் பேரும் ஆட்களாகத் தெரிகிறார்கள். வழியில் ஐசன்ஹார்னைப் பிடித்துச் சித்திரவதை செய்கிறார்கள். அதன்பின் அவர் முகத்தில் சிரிப்பே வராது, நரம்பு செத்துவிட்டது. அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

புதிதாகத் தொடங்கும் யாருக்கும் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

ஒரே ஒரு விஷயம். இது பழைய புத்தகம், 41ஆம் ஆயிரமாண்டின் முன்பகுதியில் நடப்பது. பால்வீதி இரண்டாகக் கிழிந்தது, பேரரசரின் இன்னொரு மகன் கில்லிமன் விழித்தெழுந்தது எல்லாம் விளையாட்டுக்குள் 2017இல்தான் வந்தன. அதற்கு ‘டார்க் இம்பீரியம்’ படிக்க வேண்டும். இப்போதைய நிலவரம்தான் முதலில் வேண்டும் என்பவர்கள் அங்கே போகலாம். எனக்கு அவசரமில்லை.

ஜூலை 12, புதன்

ஒரு வாரமாக எழுதவில்லை, படித்துக்கொண்டே இருந்தேன். ‘தி இன்ஃபினிட் அண்ட் தி டிவைன்’, ராபர்ட் ராத் எழுதி 2020இல் வந்தது. முழுக்க முழுக்க நெக்ரான்கள் கதை. டிராசின் என்பவன் பார்த்ததையெல்லாம், உயிரோடு இருக்கும் படைகளைக்கூட, சேர்த்துவைக்கும் சேகரிப்பாளன். ஒரிகான் என்பவன் சோதிடன், சொன்ன ஆரூடம் பலிக்காவிட்டால் காலத்தில் பின்னால் போய்ச் சரிசெய்துகொள்வான். ஒரு பழம்பொருளுக்காக இருவரும் ஆயிரக்கணக்கான வருடம் சண்டை போடுகிறார்கள். பங்காளிச் சண்டையே இவ்வளவு நீளுமா!

சண்டையைவிட அவர்கள் இனத்தின் பூர்வகதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு காலத்தில் இவர்கள் தசையும் ரத்தமுமாக இருந்தவர்கள். சூரியனின் கதிர்வீச்சு உடம்பை அரித்ததால் ஆயுள் மிகக் குறைவு. நட்சத்திரங்களைத் தின்னும் தெய்வங்கள் வந்து சாகாத இரும்பு உடம்பு தருகிறோம் என்றன. அரசர் ஒப்புக்கொண்டார். இனம் முழுவதும் உலைக்குள் போனது. வெளியே வந்தபோது சாவு இல்லை, உயிரும் இல்லை. பெரியவர்களுக்காவது நினைவும் பெயரும் மிஞ்சின. சாதாரண ஜனத்துக்கு அதுவும் இல்லை, கட்டளை கேட்டு நடக்கும் வெற்றுக்கூடுகள்.

மேஜைக்குப் போய் ஒரு வீரனை எடுத்து விளக்கடியில் பார்த்தேன். வெள்ளி வண்ணத்துக்கு மேல் கறுப்பு நீர்வண்ணம் விட்டிருக்கிறான் தம்பி, விலா எலும்புகளுக்கு நடுவே அது தேங்கி நிற்கிறது. துப்பாக்கியில் பச்சைக் குழாய். முதுகு கூன். இத்தனை நாள் அதை மிரட்டலுக்கு என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு வயல் வேலை முடிந்து வரும் ஆளின் முதுகாகத் தெரிந்தது.

தம்பி பக்கத்தில் வந்து நின்றான். நான் கேட்டேன்: “விழுந்தவங்க ஒவ்வொரு சுத்துலயும் எழுந்து வர்றாங்கன்னு ஒரு விதி சொன்னியே, அது இவங்க சாக முடியாததாலதானே?”

“ஆமாம்மா!” என்று உட்கார்ந்துவிட்டான். அடுப்பை அணைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். பதினொன்றரை வரை பேசினோம்.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. நாளைக்குப் பள்ளி. மேஜையில் பாதி திரும்பக் கிடைத்தது.

இப்போது ‘ஃபர்ஸ்ட் அண்ட் ஒன்லி’, இதுவும் ஆப்னெட், 1999. காண்ட்ஸ் கோஸ்ட்ஸ் என்ற படையணியின் கதை, சாதாரணக் காலாட்படை. டானித் என்ற காட்டுக் கிரகத்தில் ஆள் எடுத்துப் படை திரட்டிய அன்றே எதிரி வந்து கிரகத்தை எரித்துவிடுகிறான். கிளம்பிய படைதான் மிச்சம், ஊர் இல்லை. போர்க்களத்து நடுவேகூட, தங்களை நடத்தும் அதிகாரியான காமிசார் காண்ட்டைச் சிலர் மனசுக்குள் மன்னிக்கவே இல்லை, எங்களை ஊரோடு சாகவிடாமல் ஏன் கூட்டிவந்தாய் என்று.

அந்தப் பக்கத்தில் எதிர்வீட்டு ஆயாவின் ஞாபகம் வந்துவிட்டது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பிறந்தவர். எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்துவைத்து 1950ஆம் ஆண்டு வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் 60களில் வீட்டை இடித்து, குடும்பத்தை லாரியில் ஏற்றி இங்கே சாட்ஸ்வொர்த்தில் இறக்கினார்கள். வீட்டு வாசலில் நின்ற மாமரத்தைப் பற்றி இன்றைக்கும் நிகழ்காலத்தில்தான் பேசுவார்.

ஜூலை 23, ஞாயிறு

கோவிலில் கூழ் ஊற்றினார்கள். ஆயாவுக்கு ஒரு தூக்கில் வாங்கிவந்தேன். குடித்துக்கொண்டே மேஜையைப் பார்த்தவர் ஒரு நெக்ரான் வீரனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இவனுக்கு எந்த ஊருடா கண்ணு?”

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு நாற்காலியை ஆயாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “இவங்களுக்கு முன்னாடி ஒரு சூரியன் இருந்துச்சு ஆயா” என்று ஆரம்பித்தான்.