கைக்கு எட்டாத மிக்சர் ஸ்குரூ

என் ஏடிவியின் (கரடுமுரடான தடங்களில் ஓடும் நான்கு சக்கர வண்டி) மிக்சர் ஸ்குரூவை, அதாவது பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டரில் அந்தக் கலவையைச் சரிசெய்யும் திருகை, நான் முதன்முதலில் பார்த்தது, பல் மருத்துவர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு சிறு கண்ணாடியில்தான். கார்புரேட்டரின் அடிப்புறத்தில், பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்துக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் ஒரு குழிக்குள் அது தலைகீழாக நின்றிருந்தது. ஒரு பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டார், மறுபக்கம் சுடச்சுட சைலன்சர் குழாய். நேரான ஸ்குரூ டிரைவர் எதுவும் அந்த இடைவெளியில் நுழையவில்லை. கால் சுற்று திருப்புவதற்காகக் கிளாம்புகளைத் தளர்த்தி, ரப்பர் குழலுக்குள் கார்புரேட்டரைச் சாய்த்து, திருப்பிய பின் மீண்டும் நிமிர்த்தி இறுக்க வேண்டியிருந்தது.

அந்தச் சிரமத்துக்கு அஞ்சியே வெகுநாள் குறையோடு ஓட்டினேன். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். வண்டி நின்ற பிறகும் என்ஜின் வேகம் இறங்காமல் இழுத்தடிக்கும். இரண்டுமே பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிட்டதற்கான அடையாளங்கள். ஐடிலிலிருந்து (ஆக்சிலேட்டரைத் தொடாமல் என்ஜின் ஓடும் நிலை) ஏறத்தாழ கால் பங்கு ஆக்சிலேட்டர் வரை கலவையில் இந்தத் திருகின் கை ஓங்கியிருக்கும் என்பதும், என்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே காதால் கேட்டுக்கேட்டுத்தான் அதை அமைக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தன. சாய்த்து வைத்த கார்புரேட்டரோடு என்ஜினை ஓட்டிப் பார்ப்பது எப்படி?

வளையும் தண்டு கொண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்றை வாங்கினேன். எட்டியது என்னவோ உண்மைதான். ஆனால் கைப்பிடியைத் திருப்பினால் முதலில் தண்டுதான் முறுக்கிக்கொண்டது, திருகு அசையவில்லை, பிறகு திடீரென்று ஒரே தாவலில் சுழன்றது. அரைக்கால் சுற்று போயிற்றா, அரைச் சுற்று போயிற்றா என்று சொல்ல முடியாத கருவியால் டியூனிங்குக்குப் பயனில்லை. பெரிதும் புழங்கும் சில கார்புரேட்டர்களுக்கு, விரலால் திருப்பும் நீண்ட தலையுள்ள திருகுகள் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. என்னுடையதற்கு அப்படி ஒன்று கிடைக்காததால், பழைய திருகின் தலையையே நீட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின் பொருட்டுப் பல வண்டிகளில் இந்தக் குழியை ஓர் உலோக மூடியால் அடைத்திருப்பார்கள். அதை எடுக்கச் சட்டம் இடம் தராத ஊர்களும் உண்டு. என் வண்டியை முன்பு வைத்திருந்தவர் மூடியை எடுத்துவிட்டிருந்தார். திருகைக் கழற்றுவதற்கு முன் அதை மெல்ல உள்ளே திருப்பி, அடியைத் தொடும் வரை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டேன்: 1¾. அடியைத் தொட்ட பின் அழுத்தம் கொடுத்தால் ஊசிமுனை துளைக்குள்ளேயே ஒடிந்துபோகும் அபாயம் உண்டு. பிறகு வெளியே திருப்பியபோது திருகும் ஸ்பிரிங்கும் வாஷரும் வந்தன, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மட்டும் வரவில்லை. பெரும்பாலும் அது துளையின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். முனையை வளைத்த மெல்லிய கம்பியால் இழுத்தெடுத்தேன். திரும்பப் பூட்டும்போது திருகில் முதலில் ஸ்பிரிங், அடுத்து வாஷர், கடைசியாக முனைப்பக்கம் ஓ-ரிங். அது விட்டுப்போனால் மரை வழியாகக் காற்று புகுந்து, எந்த அமைப்பும் நிலைக்காது.

முதல் முயற்சியில் திருகின் தலைமேல் 35 மில்லிமீட்டர் பித்தளைக் குழாயைப் பொருத்தி எபாக்சி பசையால் ஒட்டினேன். அதில் இரண்டு தவறுகள். நீளம் மிகுந்ததால் அதிர்வில் அது தானாகவே சுழன்று, காலையில் 2 சுற்றில் விட்ட திருகு மாலையில் 2¾-இல் இருந்தது. பசையும் சூட்டில் இளகி, இரண்டாம் சவாரியில் குழாய் எங்கோ புதரில் விழுந்துவிட்டது. அடுத்ததை 20 மில்லிமீட்டராகக் குறைத்து, ஊசிமுனையை ஈரத்துணியால் சுற்றிக்கொண்டு, தலையில் சால்டரிங் செய்து பிணைத்தேன். ஸ்பிரிங்கையும் சற்று விறைப்பானதாக மாற்றினேன்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, நீட்டிய தலையாகிய இந்தக் குமிழின் விளிம்பில் அரத்தால் போட்ட 8 வெட்டுகள்தான். ஒரு வெட்டு நகர்ந்தால் அரைக்கால் சுற்று. அவற்றில் ஒன்றை மட்டும் ஆழமாக வெட்டியிருப்பதால், பார்க்காமலே நகத்தால் தடவி எண்ணிவிடலாம். திசையில்தான் ஒருநாள் ஏமாந்தேன். திருகின் தலை கீழ்நோக்கி இருப்பதால், மேலிருந்து கையை வளைத்துத் திருப்பும்போது வலம் இடமாகிவிடுகிறது. கீழே படுத்துத் தலையைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு திருப்பினால் குழப்பமில்லை. என்ஜின் பக்கம் இருக்கும் திருகு பெட்ரோலைக் கட்டுப்படுத்துவதால் வெளியே திருப்பினால் கலவை செறிவாகும். ஏர் பில்டர் பக்கம் இருப்பது காற்றைக் கட்டுப்படுத்துவதால் அதில் எல்லாம் நேர்மாறு.

இப்போது பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கியபின், திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி, மெல்லிய தோல் கையுறையோடு குமிழைப் பிடிக்கிறேன். என்ஜின் தடுமாறும் வரை உள்ளே, பிறகு வேகம் உச்சத்தைத் தொட்டு மீண்டும் சரியத் தொடங்கும் வரை வெளியே, இரண்டுக்கும் நடுவில் நிறுத்தம். கடைசியாக ஐடில் வேகத்தைத் தனித் திருகால் இறக்கி வைக்கிறேன். என் வண்டிக்கு அது 2¼ சுற்றில் அமைந்தது. 3 சுற்றைத் தாண்டியும் என்ஜின் இன்னும் பெட்ரோல் கேட்டால் பைலட் ஜெட்டை (குறைந்த வேகத்தில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள துண்டு) ஓர் அளவு பெரிதாக்க வேண்டும், 1 சுற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டால் ஓர் அளவு சிறிதாக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

சென்ற முறை மலையேறியபோது, உயரத்தில் காற்று மெலிந்து, கலவையில் பெட்ரோல் மிகுந்து, ஐடில் கனத்துப் புகைந்தது. இருக்கையைக்கூடக் கழற்றாமல் இரண்டு வெட்டு உள்ளே திருப்பினேன். அடிவாரத்துக்கு இறங்கியதும் அதே இரண்டு வெட்டை வெளியே திருப்பிவிட்டேன்.