மகளுக்கு ஆறாம் வகுப்புக்குப் பள்ளி பார்த்த அனுபவம்

மகள் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தபோது, போய்வரக்கூடிய தொலைவில் இருந்த இரண்டு அரசு நடுநிலைப் பள்ளிகளில் எதில் அவளைச் சேர்ப்பது என்று நானும் என் கணவரும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒன்று தேர்வு முடிவுகளுக்குப் பெயர் பெற்றது. மற்றொன்றைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆரம்பப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தபோது அன்பான ஆசிரியர், பத்திரமான வளாகம், வீட்டுக்குப் பக்கம் என்பவையே எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. பதினொன்று முதல் பதினான்கு வயது வரையிலான காலம் அப்படிப்பட்டதல்ல. உடல் மாறுகிறது, பெற்றோரின் சொல்லைவிடத் தோழிகளின் சொல் பெரிதாகிறது, அதுவரை ஒரே வகுப்பாசிரியரின் கண்காணிப்பில் இருந்த பிள்ளை பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாட்டுக்குள் நுழைகிறது. எல்லா ஆசிரியருக்கும் தெரிந்தும், யாருடைய தனிப் பொறுப்பிலும் இல்லாத பிள்ளையாக அவள் ஆகிவிடக்கூடாதே என்பதுதான் எனக்கிருந்த முக்கியமான கவலை.

முதலில் இரு பள்ளிகளின் தேர்வு முடிவுகளை எடுத்துப் பார்த்தோம். சராசரி மதிப்பெண் என்பது அந்தப் பள்ளி என்ன கற்பிக்கிறது என்பதைச் சொல்லும் அளவுக்கு, அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதையும் சொல்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களிடையே நடத்தப்பட்டுவரும் பீசா தேர்வு, குடும்பத்தின் பொருளாதார நிலைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பை ஒவ்வொரு சுற்றிலும் காட்டியிருக்கிறது. ஆகவே ஒரே ஆண்டின் சராசரியை விட்டுவிட்டு, ஆறாம் வகுப்பில் எந்த நிலையில் நுழைந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் எந்த நிலையில் வெளியேறினார்கள் என்று பார்க்க முயன்றோம். அப்படிப் பார்த்தபோது இரு பள்ளிகளுக்கும் இடையே இருந்ததாகச் சொல்லப்பட்ட இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 2.5 விழுக்காடு, தேர்ச்சி விகிதம் 80-லிருந்து 85-க்கு ஏறியது என்றால், கூடுதலாக இரண்டு பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இதைக் கொண்டு ஒரு பள்ளி முன்னேறுகிறது என்றோ சரிகிறது என்றோ பேசுவது வீண்.

எண்களுக்குப் பிறகு நேரில் போய்ப் பார்ப்பதுதான் பாக்கி. இரு பள்ளிகளிலும் தலைமையாசிரியரிடம் நான் ஒரே கேள்வியை வைத்தேன்: ஆறாம் வகுப்புக்கு வரும்போதே பின்னக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு இங்கே என்ன நடக்கும்? பெயர் பெற்ற பள்ளியின் தலைமையாசிரியர் மிகுந்த மரியாதையோடு, “வீட்டில் கொஞ்சம் கூடக் கவனித்துக்கொள்ளுங்கள் அம்மா, தேவைப்பட்டால் வெளியே டியூஷன் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான பெற்றோர் அப்படித்தான் செய்கிறார்கள்” என்றார். அந்தப் பதில் நேர்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பள்ளியின் சராசரியில் எவ்வளவு பங்கு வகுப்பறையினுடையது, எவ்வளவு பங்கு டியூஷனுடையது என்ற சந்தேகத்தையும் அதுவே கிளப்பிவிட்டது.

இரண்டாவது பள்ளியின் தலைமையாசிரியை பதில் சொல்வதற்கு முன் கணித ஆசிரியரை அழைத்து, சில நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். பெயர் எழுதிய அட்டையை மறைத்துக்கொண்டு அவர் திறந்து காட்டிய பக்கத்தை நான் மறக்கவில்லை. ஒரு பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தது; மேல் எண்களைத் தனியாகவும், கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டிவிடும் வழக்கமான பிழைதான். ஆசிரியர் அதன் மேல் கோடு போடவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில், “அரையே 2/5-ஐவிடப் பெரியது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்?” என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே அந்தப் பிள்ளை ஒரு செவ்வகம் வரைந்து, ஆறு கட்டங்களாகப் பிரித்து, மூன்றையும் இரண்டையும் வண்ணமிட்டு, 5/6 என்று திருத்தியிருந்தது. அதன் கீழே தேதியுடன் ஆசிரியரின் சுருக்கொப்பம். நோட்டைப் பார்க்க அனுமதி கேட்பது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும்; கேட்டுவிட வேண்டும். சுவரில் தொங்கும் சான்றிதழ்களைவிடத் திருத்தப்பட்ட நோட்டு அதிகம் பேசும், அதிலும் பிள்ளை மறுபடி செய்து பார்த்ததற்கான தடம் இருக்கிறதா என்பது.

பிள்ளைகளைத் தரவாரியாகப் பிரிவுகளாக்குகிறார்களா என்பதையும் விசாரித்தோம். முதல் பள்ளியில் நுழைவின்போது வைக்கும் ஒரு தேர்வைக் கொண்டு பிரிவு முடிவாகிறது. எட்டாம் வகுப்பு வரை அநேகமாக அதுவே நிலைக்கிறது. பின்லாந்து இப்படிக் கணிதத்துக்கும் மொழிப் பாடங்களுக்கும் தரம் பிரித்துக் கற்பிப்பதை 1985-இல் கைவிட்டது. பிரிப்பதே தவறு என்று நான் வாதாட வரவில்லை. பதினொரு வயதில் ஒரு காலை நேரத்தில் எழுதிய தேர்வு மூன்று ஆண்டுகளை நிர்ணயிப்பதுதான் எனக்கு உறுத்தியது. இரண்டாவது பள்ளியில் தடுமாறுபவர்களை வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் தனியே அமர்த்தி, தேறியதும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

சீண்டலும் கேலியும் பற்றிக் கேட்டபோது முதல் பள்ளியில் “அந்தப் பேச்சுக்கே இங்கே இடமில்லை” என்று சொல்லிவிட்டார்கள். இந்த வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கூடும் இடத்தில் அது இல்லவே இல்லை என்றால், யாரும் கணக்கெடுக்கவில்லை என்றுதான் பொருள் கொள்ள முடியும். இத்துறையில் முன்னோடியான நார்வே ஆய்வாளர் டான் ஓல்வியூஸ், பெயர் குறிப்பிடாத வினாத்தாளை மாணவர்களிடமே கொடுத்து அளந்ததற்குக் காரணமே, பெரியவர்களின் கண்ணுக்கு இதில் பாதி படுவதில்லை என்பதுதான். இரண்டாவது பள்ளியின் தலைமையாசிரியை சற்றுத் தயங்கி, புகார்கள் வருகின்றன என்றும், அவற்றைப் பதிவேட்டில் எழுதுவதாகவும், ஏழாம் வகுப்பில்தான் அதிகம் என்றும் சொன்னார். அந்தத் தயக்கம் எனக்கு நம்பிக்கையைத் தந்தது.

அதற்காக அந்தப் பள்ளியைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது. நூலகம் என்ற பெயரில் பூட்டிய அலமாரிகள் இருந்தன. சாவி ஒருவரிடம் மட்டுமே உண்டு. மாணவியர் கழிப்பறைக்குள் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வந்தது, ஆனால் இரு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மூடியுள்ள குப்பைத்தொட்டியும் இல்லை. பெரும்பாலான பெண் பிள்ளைகள் பூப்பெய்தும் ஆண்டுகள் இவைதான் என்பதால், தாழ்ப்பாளும் குப்பைத்தொட்டியும் இங்கே சில்லறை விஷயங்களல்ல. பள்ளி தொடங்கும் நேரமும் சீக்கிரம். பருவ வயதில் தூக்கம் வரும் நேரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இதை வைத்துத்தான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பு 2014-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இரு பள்ளிகளுமே அதற்கு முன்பாகத் தொடங்குவதால் ஒப்பீட்டில் இது உதவவில்லை.

தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் இரண்டாவது பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். பள்ளி எப்படி என்று கேட்டால் பிள்ளைகள் “நல்லா இருக்கு” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மதிய இடைவேளையில் எங்கே உட்காருவாய், யாரோடு, புதிதாக வந்தவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று கேட்டதும் அவன் விரிவாகப் பேசத் தொடங்கினான். எந்த ஆசிரியரிடம் தைரியமாகச் சந்தேகம் கேட்கலாம், எவரிடம் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது என்பது வரை தெரிந்துகொண்டோம். அறிவியல் ஆசிரியர் பணியிடம் சில மாதங்கள் காலியாகக் கிடந்ததும் அவன் சொல்லித்தான் தெரியவந்தது. உடனே தலைமையாசிரியையிடம் அதைக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, ஆள் வந்துவிட்டதை வருகைப் பதிவேட்டைத் திறந்தே காட்டினார்.

மகளின் விருப்பம் வேறாக இருந்தது. அவளுடைய நெருங்கிய தோழி பெயர் பெற்ற பள்ளிக்குப் போகிறாள். அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நாங்கள் ஒதுக்கவில்லை, ஏனென்றால் பள்ளி மாறும் ஆண்டில் தெரிந்த முகம் ஒன்று இருப்பது பிள்ளைக்குப் பெரிய பலம். ஆனாலும் கணிதத்தில் மெதுவாகப் பிடித்துக்கொள்பவள் அவள் என்பது எங்களுக்குத் தெரியும். முதல் பள்ளியில் எந்தப் பிரிவில் போய் உட்காருவாள் என்பதும் ஏறக்குறையத் தெரியும். இரு பள்ளிகளிலும் ஒரு வகுப்பு நேரம் உட்கார அவளுக்கு அனுமதி வாங்கினோம். இரண்டாவது பள்ளியிலிருந்து வெளியே வந்தவள், “தப்பாச் சொன்ன பையனை யாருமே சிரிக்கலை” என்றாள். அங்கேயே சேர்த்தோம்.

இப்போது முதல் பருவம் முடிந்துவிட்டது. சேர்ந்த சில வாரங்களிலேயே கணிதத்துக்காகத் தனிக் குழுவில் அமர்த்தப்பட்டவள், பருவத் தேர்வுக்கு முன்பே அதிலிருந்து வெளியே வந்துவிட்டாள். கழிப்பறைத் தாழ்ப்பாள்களைப் பெற்றோர் கூட்டத்தில் எழுப்பினோம், போட்டுவிட்டார்கள். நூலகச் சாவி இன்னும் அந்த ஒருவரிடமே இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கான மனுவில் அதைத்தான் முதலாவதாக எழுதியிருக்கிறேன்.