ரவிராஜ் பேசிய சிங்களம்

கொழும்பு நாரஹேன்பிட்டி எல்விட்டிகல மாவத்தையால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு 2006 நவம்பர் 10 தான் ஞாபகம் வரும். அன்று காலை வாகனத்தில் புறப்பட்ட யாழ்ப்பாண எம்பி நடராஜா ரவிராஜை அங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். வயது 44. கூட இருந்த பொலிஸ் சார்ஜன்ட் லக்ஷ்மன் லொக்குவெல்லவும் உயிர் விட்டார். ஒரு தமிழ் எம்பிக்குக் காவலாக நின்று செத்த அந்தச் சிங்களவரின் பெயரையும் நாங்கள் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ரவிராஜ் சாவகச்சேரி மண்ணிலிருந்து வந்த சட்டத்தரணி. அரசியலுக்கு அவர் வந்த நேரம் லேசானதில்லை. 1998இல் யாழ்ப்பாண மாநகர சபையைத் தமிழர் விடுதலைக் கூட்டணி பிடித்தது. மாநகர முதல்வரான (மேயர்) சரோஜினி யோகேஸ்வரனை மே மாதம் சுட்டுக் கொன்றார்கள், அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டம்பரில் குண்டுவெடிப்பில் போனார். நாலு மாதத்துக்குள் இரண்டு முதல்வர்கள். அந்தச் சபையில் பிரதி முதல்வராக இருந்து, 2001இல் அதே முதல்வர் கதிரையில் இருந்தவர் ரவிராஜ். அதே வருடம் டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் போனார், 2004இல் திரும்பவும்.

எங்கள் வீட்டில் அவரைத் தெரிந்துகொண்டது தொலைக்காட்சியில்தான். சிங்கள விவாத நிகழ்ச்சிகளில் எதிரே யார் இருந்தாலும் சத்தம் போடாமல் சிங்களத்திலேயே ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார், அப்பா சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்தபடி நின்றே பார்த்துக்கொண்டிருப்பார். தமிழ் மேடையில் கைதட்டு வாங்குவது வேறு, எங்களை நம்பாத ஆளுக்கு அவருடைய பாஷையிலேயே விளங்கப்படுத்துவது வேறு. இரண்டாவதுதான் கஷ்டம் என்று நான் நினைக்கிறேன். கோர்ட்டில் பழகின ஆளுக்குத்தான் அந்தப் பொறுமை வரும். வெள்ளவத்தையில் எங்கள் கீழ் வீட்டுச் சிங்கள அன்ரியும் அவர் பேசினால் சனலை மாற்ற மாட்டா.

கொல்லப்படுவதற்கு முந்தின நாளும் அவர் கொழும்பில் ஐ.நா. அலுவலகத்துக்கு முன்னால் நின்றார். மட்டக்களப்பு மாவட்டம் வாகரைப் பக்கம் கதிரவெளியில் இடம்பெயர்ந்து தங்கியிருந்த சனங்கள் ஷெல்லடியில் செத்ததைக் கண்டித்து நடந்த ஆர்ப்பாட்டம் அது.

வழக்கு பத்து வருடம் இழுபட்டது. 2016 டிசம்பரில் கொழும்பு மேல் நீதிமன்றத்தில், முழுக்கச் சிங்களவர்களைக் கொண்ட ஜூரி சபை குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரையும் விடுவித்தது. வாழ்நாள் முழுக்க எந்தச் சனத்திடம் போய்த் தன் பக்கத்தை எடுத்துச் சொன்னாரோ, அந்தச் சனத்திலிருந்து வந்தவர்கள்தான் அந்த ஜூரியிலும் இருந்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அவர் செத்த அன்று பின்னேரம் கீழ் வீட்டு அன்ரி மேலே ஏறி வந்தா. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் ஒன்றுதான் சொன்னா: "எங்களுக்கு விளங்கிற மாதிரிப் பேசின பிள்ளை." அப்பா எழும்பிப் போய் டிவியை நிற்பாட்டினார்.